மாலைக்குக் கீழே ஒரு கை

மழை வராமல் இருந்திருந்தால் லக்சனா அந்தக் கடைக்குள் ஏறியிருக்கவே மாட்டாள்...

கார்த்திகை மாதத்து மழை. கடலிலிருந்து சாய்ந்து சாய்ந்து வந்து திருகோணமலைத் தெருக்களை மறைத்துக்கொண்டிருந்தது. அவள் தேடி வந்த பெரிய ஸ்டூடியோவில் மின்சாரம் இல்லை. கதவைப் பாதி இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த சந்தில் ஒரேயொரு கடையில் மட்டும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே விளக்கு எரிந்தது. அதன் தகரத் தாழ்வாரத்தின் கீழே நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று நனைந்தபடி முன்னமே இடம் பிடித்து நின்றது. அதற்குப் பக்கத்தில் போய் அவளும் ஒதுங்கினாள்.

உள்ளேயிருந்து பார்த்த இராகுலனுக்கு முதலில் தெரிந்தவை இரண்டு சோடிக் கண்கள். ஒரு சோடி மானுடையது. மற்றதை எதனோடும் ஒப்பிட அவனுக்குத் தோன்றவில்லை. அழுது முடித்த கண்கள்... அழுதது தெரியக்கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த கண்கள். அந்த வேலையை மழை இப்போது அவளுக்கு இலேசாக்கியிருந்தது. அவன் கை தானாக மேசையிலிருந்த கமராவைத் தூக்கியது. பிறகு வெட்கப்பட்டு அதைத் திரும்ப வைத்துவிட்டு, உள்ளுக்கு வரச் சொன்னான்.

"அண்ணா, போனில இருக்கிற படத்தைப் பெரிசாக்கி, பிரேம் போட்டுத் தரேலுமா?"

மூலையில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த அப்ராஸ், கடையில் இராகுலனின் பங்காளி, தலையைத் திருப்பாமலே முணுமுணுத்தான்.

"கேட்டியா மச்சான்... அண்ணாவாம்."

லக்சனா அதைக் கவனிக்கவில்லை. போனை நீட்டினாள். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தல். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், வெயிலில் கறுத்த முகத்தோடு, எப்போது விடுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா, அவருடைய தோளை இறுக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தா.

"அப்பா மட்டும் வேணும்," என்றாள் அவள். குரல் அந்த இடத்தில் ஒருமுறை இடறியது. "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

இராகுலனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக அவன் நினைத்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உயிரோடிருப்பவரைப் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து வெட்டி எடுத்துத் தரும்படி யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம், எப்போது, எப்படி என்று விசாரிப்பதுமில்லை. கேட்காமல் விளங்கிக்கொள்வதுதான் மரியாதை. அவனும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். மான் இன்னும் நின்றது.

இராகுலனுக்குச் சோறு போடுவது கடவுச்சீட்டுப் படங்களும், கல்யாணங்களும், லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவுகளுக்கு அனுப்பும் செத்தவீட்டு வீடியோக்களும்தான். ஆனால் அவன் மனம் இருந்த இடம் வேறு. விடியற்காலையில் தன் சொந்தக் கமராவோடு கோணேசர் மலைக்கு ஏறிவிடுவான். மனிதர், படகு, பறவை ஒன்றும் இல்லாத கடலில் சூரியன் எழும்பும் ஒரு படம்... அப்படி ஒன்று கிடைத்தால் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று பல காலமாக அலைந்துகொண்டிருந்தான். வெறும் தண்ணியைப் படம் பிடிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பது என்று அப்ராஸ் கேட்பான்.

அன்று பின்னேரம் அவன் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. கணினியில் அந்த மனிதரின் முகத்தை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். கண்ணோரச் சுருக்கங்களை அழிக்காமல் விட்டான். மகளுக்கு அவை வேண்டியிருக்கும். பக்கத்தில் நின்ற அம்மாவை எடுப்பதும் கடினமாக இருக்கவில்லை. கடினமாக இருந்தது அவவின் கைதான். தோளில் அப்படி அழுந்தப் பிடித்திருந்தா. அந்த விரல்களை எடுத்தால் சட்டையின் தோள் உடைந்துவிடும். வரைந்து பார்த்தான், ஒட்டிப் பார்த்தான்... சரிவரவில்லை.

கடைசியில் ஒரு சந்தன மாலையை அந்த இடத்தில் போட்டான். விரல்கள் மாலைக்குக் கீழே மறைந்துவிட்டன. மாலை போட்டபின் கீழே ஒரு குத்துவிளக்கும் வைத்தான். அவள் கேட்காத வேலை. துக்க வீட்டுக்குத் தன்னாலான சின்ன உதவி என்று எண்ணிக்கொண்டான். நல்ல மனதோடு செய்த காரியம் நன்மையாகத்தான் முடியும் என்று நம்பிவிடுகிற வயது அவனுக்கு.

அவள் எடுக்க வந்த நாளிலும் மழை. படத்தை ஈரம் படாமல் தாளில் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தான். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்காமலே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

சனிக்கிழமை காலையில் அவள் திரும்பி வந்தாள். இந்த முறை அண்ணா என்று கூப்பிடவில்லை.

"எங்கட அப்பா செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இராகுலன் எழுந்து நின்றான். அப்ராஸ் வீடியோவின் சத்தத்தை நிறுத்தினான்.

அவள் அழவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அப்பா ஞானசேகரம் சல்லிக் கிராமத்திலிருந்து தன் சின்ன வள்ளத்தில் தனியே தொழிலுக்குப் போனவர், காற்று மாறிய அன்று திரும்பவில்லை. கடற்படை தேடியது. ஊர்ச்சனம் தேடியது. இன்னும் ஒரு செய்தியும் இல்லை. நாளைக்கு அவள் குச்சவெளிப் பக்கம் போய் அறிவித்தல் ஒட்டவேண்டும். அவர் மட்டும் நிற்கும் படத்தை முத்துமாரி அம்மனின் காலடியில் வைத்து, அவர் பேரில் அர்ச்சனை செய்தால் அம்மன் கொண்டுவந்து சேர்ப்பா என்று அம்மா நேர்ந்திருந்தா. நேற்று வெள்ளிக்கிழமைப் பூசை. ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. அம்மா தன் கையாலேயே நூலை அவிழ்த்து, தாளைப் பிரித்து, ஐயரிடம் நீட்டினா...

நீட்டிய ஐயரின் கை அப்படியே பின்னால் போய்விட்டது. பின்னால் நின்ற யாரோ ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். அந்த அழுகையோடு ஊர் முடிவு செய்துவிட்டது. பூசை முடிந்து குங்குமத் தட்டு அம்மாவைத் தாண்டிப் போனது. இன்று விடியப் பக்கத்து வீட்டார் பெரியபிள்ளையான தங்கள் மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சொல்ல வந்தார்கள். படலையில் வைத்து லக்சனாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"அந்தப் படத்தை உடைக்கவும் ஏலாது, வீட்டில வைக்கவும் ஏலாது. அம்மா சீலைக்குள்ள சுத்தி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறா. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே..."

"கேட்டா உங்களுக்கு நோகும் எண்டு நினைச்சன்."

"இப்ப நோகேல்லையா?"

வாசல்படியில் நின்று அவள் திரும்பினாள். கண்கள் இப்போதுதான் நிறைந்தன.

"கடல் சொல்லட்டும். அதுவரைக்கும் எங்கட அம்மான்ர பொட்டில ஆரையும் கை வைக்க விடமாட்டன்."

அவள் போன பிறகு அப்ராஸ் எழுந்து வந்து நண்பனின் தோளைத் தொட்டான். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. கணினியில் அந்தப் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனான்.

மறுநாள் ஞாயிறு. லக்சனா வேலை செய்யும் பார்மசிக்கு விடுமுறை. கரையோர வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இருந்தாள். மடியில் அப்பாவின் படம் போட்ட அறிவித்தல்கள். தெருமுனைக் கடையில் போட்டோப் பிரதி எடுத்தவை. முகம் கறுத்து, கண்ணும் மூக்கும் தெரியாமல் கிடந்தது. நிலாவெளி தாண்டியபோதுதான் பின்னால் வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டாள். மழைக்கோட்டு இல்லாமல் ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். மழைக்கோட்டு அவன் முன்னால் வைத்திருந்த பொட்டலத்தின் மேல் போர்த்தியிருந்தது.

இறக்கக்கண்டிப் பாலத்திலும் அவன் இருந்தான். குச்சவெளியில் அவள் இறங்கியபோதும் இருந்தான்.

"ஏன் எனக்குப் பின்னால வாறீங்கள்?"

"பஸ்ஸுக்குப் பின்னாலதான் வந்தனான்."

"பஸ் போகுது... போங்கோவன் அதுக்குப் பின்னால."

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். மாலை இல்லாமல், விளக்கு இல்லாமல், ஞானசேகரத்தின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கட்டு அறிவித்தல். "உங்கட படத்தில அப்பாவை ஆருக்கும் அடையாளம் தெரியாது. இதில தெரியும்."

"நான் கேக்கேல்லையே."

"அண்டைக்கும் கேக்காமத்தான் செய்தனான். அதுக்கு இது..."

அவள் உதடு எதையோ அடக்கியது. சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. குடையைக் கொஞ்சம் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். எப்படிப்பட்ட மனிதன் இவன்... திட்டு வாங்கியவன் தன் வீட்டில் இருக்கமாட்டானா...

மீனவர் தங்கும் கொட்டில்களான வாடிகளின் தட்டிகளிலும் தென்னைகளிலும் அவன் ஒட்டிக்கொண்டு போக, அவள் குடை பிடித்தாள். பசை காயும்வரை அப்பாவின் முகத்துக்குத்தான் குடை. ஆனாலும் அவனுடைய ஒரு பக்கத் தோளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பார்மசியில் நிற்கும்போது போன் எடுக்க முடியாது என்று அவள் யோசித்ததால், அறிவித்தலின் கீழே அவனுடைய நம்பரை எழுதினார்கள்.

ஒரு வாடியில் முஹம்மது தம்பி என்ற வயதான மீனவர் அவர்களை இருத்திப் பிளேன்டீ கொடுத்தார். அறிவித்தலை நெடுநேரம் பார்த்தார். மாரிக்காலத்தில் நீர் தெற்கே இழுக்கும் என்றும், சம்பூர்ப் பக்கமும் போய் ஒட்டும்படியும் மகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லாத் தொழுகையிலும் கேட்பதாகச் சொன்னார்.

வள்ளம் என்ன நிறம் என்று இராகுலன் கேட்டபோதுதான் அவள் முகம் முதல்முறையாக இளகியது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். பாதியில் நீலப் பெயின்ற் போதாமல் போய், கையிலிருந்ததை அப்பா பூசிவிட்டார். தெற்கே கோணேசர் மலைப் பக்கம் போகும்போது கரைக்கு மஞ்சள் தெரியும், திரும்பி வரும்போது நீலம் தெரியும்.

"அம்மா கரையில நிண்டு பாப்பா. நீலம் கண்டாத்தான் அடுப்பில சோறு வைப்பா. இப்பவும் விடியப் போய் நிக்கிறா..."

திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது, நனையாமல் போகும்படி அவள் குடையை அவனிடம் நீட்டினாள். மோட்டார் சைக்கிளில் குடை பிடித்துக்கொண்டு எப்படிப் போவது என்று அவன் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டான்.

அன்று வீட்டுக்குப் போய் அவன் தன் கோணேசர் மலைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள்... எங்கோ பார்த்த நினைவு. அழிப்பதற்கென்று ஒதுக்கி வைத்த படங்களுக்குள் அது இருந்தது. வெறும் கடலும் சூரியனும் வேண்டும் என்று காத்திருந்த காலையில், நடுவில் வந்து படத்தைக் கெடுத்த ஒரு வள்ளம். அதில் நின்ற மனிதன் எஞ்சினை நிறுத்திவிட்டு, மலையில் இருக்கும் கோணேசரைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தான். முகம் நிமிர்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணோரச் சுருக்கங்களும் தெரிந்தன. அவன் அழிக்காமல் விட்ட அதே சுருக்கங்கள்...

படத்தில் பதிந்திருந்த நாள், அறிவித்தலில் இருந்த, அவர் போன நாள்தான்.

தன் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படத்தைக் கெட்டுப்போன படம் என்று ஒதுக்கி வைத்திருந்தோமே என்று அவன் வெகுநேரம் திரைக்கு முன்னால் இருந்தான்.

மறைப்பது இரண்டாவது பிழையாகிவிடும் என்று பயந்து, அடுத்த நாள் லக்சனாவைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். கை திரையை நோக்கிப் போனது. "அப்பா..." என்றாள், மெதுவாக, அடுத்த அறையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல. கொஞ்ச நேரம் அவள் முகத்தில் இருந்தது துக்கமே இல்லை.

இதைப் பெரிசாக்கித் தரட்டுமா என்று அவன் கேட்டான்.

அந்த ஒளி அப்படியே அணைந்தது. "வேண்டாம்," என்றாள் அவள். "உங்கட கையால எங்கட அப்பாவை இன்னொருக்காப் பிரிண்ட் எடுக்கவேண்டாம்."

சொன்ன பிறகு அவளுக்கே அது கூடிப்போனது தெரிந்தது. ஆனால் திருப்பி எடுக்க ரோசம் விடவில்லை. குடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் இருந்து அழுதாள். அப்பாவுக்காக எவ்வளவு, நனைந்துகொண்டு பின்னால் வந்த ஒருவனுக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இராகுலன் அதற்குப் பிறகு அவளைத் தேடிப் போகவில்லை. சம்பூருக்கு மட்டும் தனியே போய்க் கரை நெடுக ஒட்டிவிட்டு வந்தான். அவள் கேட்காத மூன்றாவது வேலை.

மழை விட்டு, வானம் கழுவிய பாத்திரம்போல் வெளுத்திருந்த ஒரு காலையில் போன் அடித்தது. சம்பூரிலிருந்து ஒருவர். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். வள்ளத்தின் உடைந்த ஒரு பக்கம் மட்டும் அவர்கள் கரையில் ஒதுங்கியிருக்கிறது. பக்கத்தில் சட்டை சிக்கிய வலையும் கிடக்கிறது. ஆள் இல்லை. அலை திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடாமல் தூக்கி மணல்மேட்டில் வைத்து, ஒரு கற்பூரம் கொளுத்தி விட்டிருக்கிறார்கள். "நாங்களும் ஊரை விட்டு ஓடி, ஆக்களைத் தேடித் திரிஞ்ச சனம் தம்பி. அதுதான் சும்மா விட மனம் வரேல்ல..." என்றார். வள்ளத்தின் நிறத்தையும் சொன்னார்.

ஒருமுறை பொய்யாக அறிவித்த சாவை, இப்போது உண்மையாக அறிவிக்கவேண்டியவனும் அவன்தான். கடவுளே, இது என்ன கணக்கு என்று அவன் கேட்டான். பிறகு மனதை மாற்றிக்கொண்டான். யாரோ ஒருவர் சொல்லத்தான் வேண்டும். பயந்து பயந்து சொல்கிறவன் சொன்னால் கொஞ்சம் குறைவாக நோகும்...

பார்மசியில் சனம் நின்றது. லக்சனா மருந்து உறையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழ நிமிர்ந்தாள். அவள் அவனுடைய கண்களையே பார்த்தாள். முதல் நாள் மழைக்குள் நின்றபோது அவள் கண்களில் இருந்தது, இன்று அவனுடையவற்றில் இருந்தது.

"சொல்லாதேங்கோ," என்றாள். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். "இதில வச்சுச் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கு முன்னால சொல்லுங்கோ. எனக்கு அதைச் சொல்ல ஏலாது."

சல்லிக்கு ஓட்டோவில் போனார்கள். நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது. வழி நெடுகக் கடல் ஒன்றுமே நடவாததுபோல் பளபளத்தது.

லக்சனாவின் அம்மா கமலாதேவி குசினி வாசலில் இருந்தா. நெற்றியில் பொட்டு பெரிதாக, சிவப்பாக இருந்தது. முன்பைவிடப் பெரிதாக வைக்கிறா என்று லக்சனா முன்னொருநாள் சொல்லியிருந்தாள். அடுப்பு எரியவில்லை. மகளுக்குப் பின்னால் வந்தவனை ஏற இறங்கப் பார்த்தா.

"நீதானே மாலை போட்ட பிள்ளை?"

"ஓம் அம்மா."

"இப்ப என்ன கொண்டு வந்தனீ?"

அவன் மணலில் முழந்தாளிட்டு அவவின் உயரத்துக்கு இருந்தான். "ஐயான்ர வள்ளம், அம்மா... சம்பூர்க் கரையில கிடக்குதாம். ஒரு பக்கம் மட்டும்."

"எந்தப் பக்கம்?"

"மஞ்சள்."

அவ கடலைப் பார்த்தா. வேலியில் ஒரு காகம் வந்திருந்து, எழும்பிப் போனது.

"நீலம் வரேல்லையா?"

"இல்லை அம்மா."

லக்சனா தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து இருந்தாள். சத்தம் வராத அழுகை. தாய் அழவில்லை. எழுந்து உள்ளே போனா. அலுமாரி திறக்கும் ஓசை கேட்டது. சீலையில் சுற்றிய படத்தைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் பிரித்தா. கோபமில்லாமல், உண்மையாகவே அறியவேண்டும் என்பதுபோல், ஏன் இந்த மாலையைப் போட்டாய் என்று கேட்டா.

மரியாதைக்காக என்று சொல்லியிருக்கலாம். அவன் உள்ளதைச் சொன்னான்.

"உங்கட கை ஐயான்ர தோளில இருந்தது அம்மா. அதை எடுக்க எனக்குத் தெரியேல்ல. எடுத்தால் தோள் உடைஞ்சுபோகும். அதுதான் மாலையால மூடினனான்."

"அப்ப என்ர கை இதுக்குக் கீழ இருக்குதா?"

"ஓம் அம்மா. எடுக்கேல்ல. அப்பிடியே இருக்கு."

அவவின் விரல்கள் கண்ணாடிமேல், சந்தன மாலையின் அந்த இடத்தில் போய் நின்றன. அங்கேதான் உடைந்தா.

"படம் எடுக்க நிக்கமாட்டார்... ஓடிப்போயிடுவார் எண்டுதான் பிடிச்சனான். அண்டைக்கும் அதுக்குத்தான் பிடிச்சனான்..."

அவ அழுது முடியும்வரை இராகுலன் எழும்பவில்லை. பிறகு, போன அன்று ஐயா கோணேசரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனவர் என்றும், மேலே நின்று தான் அதைக் கண்டதாகவும் மெதுவாகச் சொன்னான். அவ தலையை ஆட்டினா. அது தனக்குத் தெரியும் என்பதுபோல் இருந்தது.

கிணற்றடிக்குப் போய் நெற்றியைக் கழுவிக்கொண்டு வந்தா. யாரும் தொடவில்லை. யாரும் சொல்லவில்லை. அறிந்து, தன் கையாலேயே செய்தா. பிறகு சுவரில் இருந்த ஆணியில் படத்தைத் தானே மாட்டினா.

படலைவரை லக்சனா அவனுடன் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த மலைப் படம்... அதைப் பிரிண்ட் போட்டுத் தாங்கோ. உங்கட கையால."

முப்பத்தோராம் நாள் முடிந்து, தை பிறந்து, மழை தூறலாகக் குறைந்திருந்த ஒரு பின்னேரம் அவள் கடைக்கு வந்தாள். படம் தயாராக இருந்தது. சூரியன், கடல், கைகூப்பிய மனிதன். அதைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி அப்ராஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அது வீட்டுக்குப் போகவேண்டிய படம் என்று இராகுலன் மறுத்துவிட்டான். அவளைக் கண்டதும் அப்ராஸுக்குத் திடீரென்று பேட்டரி வாங்க ஞாபகம் வந்தது. போகும்போது, "நல்லாக் கதைங்க தங்கச்சி, இவன் கேக்காமலே எல்லாம் செய்வான், கேக்கவேண்டியதை மட்டும் கேக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மேசையில் இருந்த படத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ன கேக்கவேணும்?" என்றாள் அவள்.

"முதல் நாள் நீங்கள் மழைக்குள்ள நிண்டனீங்கள்... நான் கமராவைத் தூக்கினனான். எடுக்கேல்ல. அண்டையில இருந்து கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வருது." அவன் நிறுத்தினான். "உங்கட வீட்டுக்கு நான் கொண்டு வந்தது முழுக்கத் துக்கம். அதுக்குப் பிறகும் இதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆனா உங்களைத்தான் விரும்புறன்."

அவள் அப்பாவின் படத்தைத் தாளில் சுற்றினாள். நூலைக் கட்டினாள். கட்டிய பிறகும் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா கேட்டவ, குச்சவெளிவரைக்கும் நனைஞ்சுகொண்டு வந்த பிள்ளை சாப்பிட்டுதோ எண்டு. நான் அண்டைக்கு அதைக் கேக்கவே இல்லை." குரல் தாழ்ந்தது. "அப்பான்ர வருசம் திரும்பட்டும், பிறகு கதைப்பம் எண்டு சொன்னவ. நான் ஒண்டும் சொல்லாமலே."

இராகுலனுக்குக் கண் கலங்கியது. அவள் தொடர்ந்தாள். "எனக்கும் ஒரு படம் வேணும்."

"பாஸ்போர்ட் சைஸா?"

"இரண்டு பேர் நிக்கிற படம்."

அவன் கமராவைத் தாங்கியில் வைத்து, தானாகப் படம் எடுக்க நேரம் போட்டுவிட்டு, சுவரில் தொங்கிய திரைக்கு முன்னால் வந்து ஒரு முழம் தள்ளி நின்றான். சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"கிட்ட நில்லுங்கோ," என்றாள் லக்சனா. "பிறகு ஆராலும் வெட்டி எடுக்க ஏலாத மாதிரி."

அவன் நெருங்கினான். அவளுடைய கை மெல்ல எழும்பி அவன் தோளில் அமர்ந்தது. படத்துக்காக வைக்கிற கைபோல அது இருக்கவில்லை. சட்டைத் துணி சுருங்கும்படி அழுந்தப் பிடித்தது.

"நான் ஓடமாட்டன்," என்றான் அவன்.

"தெரியும்... எண்டாலும் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பன்."